வேலிக்கு அந்தப் பக்கம்

விமானப்படைத் தளத்தில் சிவநாதனின் பெயர் சோ வின். பத்தொன்பது வயதில் படையில் சேரப் போனபோது, இந்தத் தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை, அம்மா பர்மியப் பெண்தானே, அவர் கூப்பிடுகிற பெயரையே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி எழுத்தர் அதை முடித்துவிட்டார். அன்றிலிருந்து சீருடைக்குள் சோ வின். யாங்கூன் நகரத்து மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டிய நாலாம் மாடி வீட்டுக்குள் மட்டும் சிவநாதன்.

அவன் ரேடியோ மெக்கானிக். விமானங்களிலிருந்து ரேடியோப் பெட்டிகளைக் கழற்றிப் பழுது பார்த்துத் திரும்ப மாட்டுவான். அந்த விமானங்கள் எங்கே போகின்றன, எதைப் போட்டுவிட்டு இறக்கையடியில் ஒன்றுமில்லாமல் திரும்புகின்றன என்று அவன் கேட்டதில்லை. கேட்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை. நாட்டில் சண்டை மூண்ட புதிதில் வேலையை விட்டு விலகப் பார்த்தான். யாரையும் விடுவிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓடிப்போனவர்களின் வீட்டாரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவனுக்கு மனைவி ரேவதி இருந்தாள். லான்மடாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அதனால் இருந்துவிட்டான். விடுமுறையில் சாதாரண லொஞ்சி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். ஆனாலும் அவன் படியேறும்போது இரண்டாம் மாடியில் நடந்துகொண்டிருக்கும் பேச்சு நின்றுவிடும். அவன் மூன்றாம் மாடிக்குப் போன பிறகுதான் மறுபடி தொடங்கும்.

தளம் நகரத்துக்கு வடக்கே இருந்தது. அதன் கம்பி வேலிக்கு அப்பால் ஒரு கசுன்கீரை வயல். வயலை ஒட்டித் தகரக் கூரை வீடுகள் நாலைந்து வரிசை. டெல்டாவில் புயலுக்குத் தப்பி வந்தவர்கள், நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள், ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள் சிலர் என்று கலந்து குடியிருந்த பேட்டை அது. முதல் வரிசையின் முனையில் சாந்தகுமாரியின் வீட்டோடு சேர்ந்த கடை. காலையில் தோசையும் மொஹிங்கா நூடுல்சும் போடுவாள், சாயங்காலம் டீ. அவள் கணவர் மோகன் சைக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டினார். தளத்தைச் சுற்றி ஏழெட்டு மைலுக்குள் சிவநாதன் தமிழ் பேசக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைதான். அவன் பேச்சில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பர்மிய வார்த்தை விழும். மோகன் சிரித்துக்கொண்டே திருத்துவார். பிறகு கால்பந்து பேச ஆரம்பித்துவிடுவார். இங்கிலாந்துக் குழுக்களில் எவனுக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை அவருக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் சிவநாதனை பஸ் நிறுத்தம் வரைக்கும் சைக்காவில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான்.

படையை எதிர்த்துப் போராடுகிறவர்கள் அனுப்பிய முதல் பறக்கும் குண்டு ஒரு காலை அணிவகுப்பின்போது வந்தது. தூரத்தில் ஜெனரேட்டர் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்டது. சமையல்கூடத்து ஜெனரேட்டர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சத்தம் தலைக்கு மேலே வந்த பிறகே நிமிர்ந்து பார்த்தார்கள். மூங்கிலும் பிளாஸ்டிக்கும் வைத்து யாரோ வீட்டிலேயே செய்தது போல ஒரு சின்ன விமானம், வயிற்றில் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு போனது. அடுத்த கணம் ஓடுபாதைப் பக்கத்துப் புல்தரை கிளம்பி மேலே போய் மண்ணாகக் கொட்டியது. யாரும் சாகவில்லை. சிவநாதனுக்கு நினைவு வந்தபோது ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. பக்கத்தில் கிடந்த கேப்டனுடையதும் நனைந்திருப்பதை அவன் பார்த்தான். அவன் பார்த்ததைக் கேப்டனும் பார்த்தார். இருவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் யாரும் குனிந்து சோறு தின்னவில்லை. தட்டில் கை, வானத்தில் கண். தூங்குகிறவன் காதுகூட விழித்தே இருந்தது. விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலும் தப்பிக்க முடியாது. யாங்கூனில் கரண்ட் போனதும் தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டரை இழுத்துவிடுவார்கள். அந்தச் சத்தம் கிளம்பினால் சிவநாதன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிடுவான். ரேவதி எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.

அடுத்த மாதம் ஒரு பெட்டியில் ஜாமர் வந்து சேர்ந்தது. பார்க்கத் தடித்த துப்பாக்கி மாதிரி இருக்கும். ட்ரோனுக்கும் அதைத் தூரத்திலிருந்து ஓட்டுகிறவனுக்கும் நடுவே இருக்கும் ரேடியோ அலையை அது அறுத்துவிடும். அறுந்ததும் ட்ரோன் நூல் போன பட்டம் மாதிரி தள்ளாடி, அது இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். ரேடியோ தெரிந்தவன் என்று சிவநாதனிடம் கொடுத்தார்கள். கூட, அவனை மரியாதையாக சயா என்று கூப்பிடும் நியீ நியீ என்ற கார்ப்பரல், பைனாக்குலர் பிடித்துத் திசை சொல்ல. இருவருக்கும் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மணல் மூட்டை அடுக்கி இடம் போட்டார்கள்.

வேலியைத் தாண்ட விடாதே என்பதுதான் கேப்டன் கொடுத்த உத்தரவு. வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றனவே என்று சிவநாதன் கேட்டான். கேப்டன் கோபப்படவில்லை. இந்தப் பக்கம் எரிபொருள் தொட்டி இருக்கிறது, அது வெடித்தால் நாமும் போவோம், அந்த வீடுகளும் சேர்ந்துதான் போகும், நீயே யோசித்துப் பார் என்றார். சிவநாதன் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

முதல் முறை பொத்தானை அமுக்கியபோது ட்ரோன் கசுன்கீரை வயலில் விழுந்தது. சேறும் கீரையும் தெறித்ததோடு சரி. தளமே கொண்டாடியது. சாயங்காலம் அவனும் நியீ நியீயும் கடைக்குப் போனபோது பேட்டைக்காரர்கள் எழுந்து உட்கார இடம் விட்டார்கள். சாந்தகுமாரி நியீ நியீக்கு இரண்டு தோசை அதிகமாக வைத்தாள். நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நாங்கள் கீழே இருக்கிறோம் என்றார் மோகன். சிவநாதனுக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. பிற்பாடு நினைத்துப் பார்க்கையில் அந்தப் பெருமைதான் அவனை அதிகமாகக் குத்தியது.

தீபாவளி முடிந்த வாரம். மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. காலை வெயில் ஏறும் நேரத்தில் நியீ நியீ அவன் தோளைத் தட்டினான். வடகிழக்கே ஒரு புள்ளி, வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. அது வயலுக்கு மேலே வரவில்லை, பேட்டைக்கு நேர் மேலே வந்தது. சிவநாதன் ஜாமரைத் தூக்கித் தோளில் வைத்தான். குழல் முனைக்குக் கீழே முதல் வரிசைக் கூரைகள் தெரிந்தன. கடை வாசலில் புகை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வயலுக்கு வந்துவிடும், வயலைத் தாண்டினால் வேலி. வயலின் அகலம் அந்த வேகத்துக்கு ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. நியீ நியீ, "அடிங்க சயா" என்றான். லாரிக்கு அடியில் கிடந்தபோது வாயில் போன மண்ணின் ருசி திரும்ப வந்தது. அமுக்கினான்.

ட்ரோன் ஒரு தரம் மூக்கைத் தூக்கியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து சாந்தகுமாரியின் வீட்டின் மேல் விழுந்தது.

தொட்டியின் உச்சியிலிருந்து பார்க்கத் தகரம் ஒன்று மெதுவாகச் சுழன்று போவது தெரிந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. நியீ நியீ பைனாக்குலரை இறக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். கீழே ஆட்கள் அவர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சைக்காவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மோகன் அந்த இடத்திலேயே இறந்தார். அடுப்படியில் நின்ற சாந்தகுமாரிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, முதுகு வெந்துபோயிருந்தது. அவளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பயங்கரவாதிகளின் குண்டு பொதுமக்கள் வீட்டைத் தாக்கியது என்று செய்தி வந்தது. வாசித்துப் பார்த்தால் அதில் பொய் என்று எதையும் எடுத்துக் காட்ட முடியாது.

நாலு நாள் கழித்து கேப்டன் சிவநாதனைக் கூப்பிட்டார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தளத்தின் சார்பில் அரிசியும் எண்ணெயும் கொடுத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும், உனக்குத்தான் அவர்கள் பாஷை தெரியும், நீ போ என்றார். அவன் போனான். சீருடையில், அரிசி மூட்டையோடு, போட்டோக்காரனோடு. சாந்தகுமாரி குப்புறப் படுத்திருந்தாள். தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்ததும், உங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். போட்டோக்காரன் வேலையை முடித்து வெளியே போன பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அது எங்க போக வந்துச்சு?"

"எங்களுக்குத்தான் வந்துச்சு அக்கா."

"அப்ப ஏன் எங்க மேல விழுந்துச்சு?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். சிவநாதன் கட்டில் சட்டத்தில் உரிந்துபோயிருந்த வர்ணத்தைப் பார்த்தான்.

"காத்து அக்கா. காத்து தள்ளிருச்சு."

அவள் தலையை ஆட்டினாள். காற்றின் மேல் கோபப்பட முடியாதே என்பது போல ஒரு ஆட்டல். பிறகு, மோகனின் சைக்கா என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதுவும் போய்விட்டது என்று சொன்னான்.

வீட்டுக்கு வந்து ரேவதியிடம், தெரிந்த அக்கா ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உன் கடைக்குப் பக்கம்தானே, போய்ப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னான். ரேவதி போய்ப் பார்ப்பதோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்காத களிம்பைக் கடையிலிருந்து வாங்கிப் போனாள், கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள், தலை வாரிவிட்டாள். இரண்டு வாரத்தில் இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். சாந்தகுமாரி அக்கா இன்றைக்கு உட்கார்ந்தாங்க, இன்றைக்குச் சிரிச்சாங்க என்று ரேவதி போனில் சொல்லும்போதெல்லாம் சிவநாதன் நல்லது, நல்லது என்பான். கேப்டன் அவனுக்கு ஒரு பாராட்டுப் பட்டையைச் சட்டையில் குத்திவிட்டிருந்தார். அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது மேலேயே கிடந்தது. அடியில் தள்ளினான்.

அடுத்த தரம் ட்ரோன் வந்தது ஒரு நடுப்பகலில். ஜாமரின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்ததால் மாற்று பேட்டரி எடுத்துவர நியீ நியீ கீழே இறங்கிப் போயிருந்தான். சிவநாதன் தனியாக இருந்தான். சத்தத்தை முதலில் கேட்டவனும் அவன்தான். அதே வடகிழக்கு, அதே தாழ்வு. பேட்டைக் கூரைகளுக்கு மேலே அது வந்தபோது குழலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். விரல் பொத்தான் மேல் இருந்தது. கீழே சாந்தகுமாரி வீடு இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு டா எய் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வயதானவள், மேலே பார்க்கவே இல்லை. அவன் அமுக்கவில்லை. ட்ரோன் கூரைகளைத் தாண்டியது, வயலைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது. புல்தரைக்கு மேல் வந்ததும் அமுக்கினான். அது விழுந்தது. ஆனால் அது ஓடிவந்த வேகம் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதையில் போட்டது. அந்தப் பாதையில் நியீ நியீ பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தான்.

அவன் இரண்டு காலும் போய்விட்டன.

விசாரணையில் ஜாமர் சரியாக வேலை செய்யவில்லை என்று சிவநாதன் எழுதிக் கொடுத்தான். படை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நியீ நியீயிடமும் கேட்டார்கள். பேட்டரி செத்துப்போயிருந்தது, அதற்காகத்தானே நான் கீழே போனேன் என்று அவனும் சொன்னான். அதோடு விசாரணை முடிந்தது. மறுநாள் சிவநாதன் அவனைப் பார்க்கப் போனான். அறையில் வேறு யாரும் இல்லை. போர்வை இடுப்புக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நியீ நியீ ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

"கீழேருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு ஓடி வந்தேன் சயா. குழாயைத் தூக்கிப் பிடிச்சிருந்தீங்க. ஆனா அமுக்கல."

"ஆமா."

"அந்தத் தோசைக்கடை அக்காவுக்காகவா?"

"ஆமா."

நியீ நியீ அவனைத் திட்டுவான் என்று சிவநாதன் காத்திருந்தான். திட்டினால் தேவலை போலிருந்தது. அவனோ, அந்த அக்கா எனக்கும் தோசை போட்டவங்கதான் என்றான். பிறகு கேட்டான்.

"அடுத்த தடவ என்ன செய்வீங்க சயா?"

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சிவநாதன் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். அமுக்கினால் அந்தப் பக்கம், அமுக்காவிட்டால் இந்தப் பக்கம். இரண்டையும் அவன் கையாலேயே செய்து பார்த்தாகிவிட்டது. கடைசியில் அவன் செய்தது கோழைத்தனமான காரியம். கண் மங்கலாகத் தெரிகிறது, தூரத்துப் பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லி, தொட்டி மேலிருந்து இறங்கி ரேடியோ ஸ்டோருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அவன் இடத்துக்கு மாந்தலேயிலிருந்து வேறொரு சார்ஜண்ட் வந்தார். கெட்டிக்காரர். பேட்டையில் அவருக்கு யாரையும் தெரியாது. வேலிக்கு வெகு தூரத்திலேயே விழுத்திவிடலாம் என்று கேப்டனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை சிவநாதன் ஸ்டோர் வாசலில் நின்று கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரேவதி சந்தோஷமாக இருந்தாள். சாந்தகுமாரியை வரும் வாரம் அனுப்பிவிடுவார்களாம். த்வாண்டேயில் பானைச் சூளை வைத்திருக்கும் அண்ணன் சொக்கன் கூப்பிடுகிறாராம். ஆனால் அவள் போக மாட்டேன் என்கிறாளாம். அதே இடத்தில் கடையைத் திரும்பப் போடப் போகிறாளாம். மோகன் இருந்த இடம், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றாளாம். தகரத்துக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூண் நட்டுக் கொடுங்கள் என்றாள் ரேவதி.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பட்டப்பகலில், பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருக்க, கீழே நகரத்தைச் சுற்றிவரும் வட்ட ரயில் போகிற சத்தத்தில் பாதி வார்த்தை அடிபட்டுப் போக, சொல்லி முடித்தான். ரேவதி காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள். அவன் எதிர்பார்த்ததற்கு மாறாக, மோகனைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அவங்க ஏன் அத அனுப்பறாங்கன்னு எப்பவாச்சும் யோசிச்சீங்களா?"

"யோசிச்சிருக்கேன்."

"நீங்க ரேடியோ மாட்டி அனுப்பின பிளேன் போற ஊருலயும் தோசைக்கடை இருக்கும்ல."

அதற்கு மேல் அவள் அழுத்தவில்லை. சாந்தகுமாரி அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், இதை நான் சொல்ல முடியாது, சொல்லாமலும் அந்த அக்கா முகத்தைப் பார்க்க முடியாது என்று மட்டும் சொன்னாள். படை விஷயத்தை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் ரேவதி கொடுத்த கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். சாந்தகுமாரி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தாநாகாப் பட்டை அரைத்துப் பூசியிருந்தாள், ரேவதி பூசிவிட்டிருப்பாள். அவனைப் பார்த்ததும் தகரம் கிடைத்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள்.

"அக்கா, அங்க கடை போடாதீங்க. அங்க இருக்கவே இருக்காதீங்க."

"ஏன் தம்பி?"

"அது திரும்ப விழும். உங்க பக்கம்தான் விழும். வேலிக்கு வெளிய விழுத்தணும்னு எங்களுக்கு உத்தரவு. அன்னைக்குக் காத்து தள்ளல அக்கா. விழுத்தினதுதான்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குடிக்கக் கையில் எடுத்திருந்த தம்ளர் மடியில் சரிந்து லொஞ்சி நனைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"யாரு விழுத்துனது?"

"நான்தான்."

"கீழ எங்க வீடு இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். கடைப் புகை தெரிஞ்சுது. பயந்துட்டேன் அக்கா."

அவன் எதற்கும் தயாராக வந்திருந்தான். அறைவாள், அலறுவாள், வார்டே திரண்டு வரும் என்று நினைத்திருந்தான். சாந்தகுமாரி அழக்கூட இல்லை. கொண்டுவந்த தூக்கை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போ என்றாள். அதுவரை நீங்க, வாங்க என்றே பேசியவள், அன்று முதல் தரமாக அவனை ஒருமையில் விளித்தாள். அவன் வார்டு வாசலைத் தாண்டுகிறபோது பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

அவள் யாரிடம் எப்படிச் சொன்னாளோ, ஆஸ்பத்திரியிலிருந்தே பேட்டைக்குச் செய்தி போய்விட்டது. சிவநாதனின் பெயரை அவள் சொல்லவில்லை. முதல் இரண்டு வரிசையில் வீடுகள் காலியாகத் தொடங்கின. ஆட்கள் கூரைத் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுவது தொட்டி மேலிருந்து தெரிந்திருக்கும்.

சாந்தகுமாரி த்வாண்டேக்குப் போகிற அன்று ரேவதி அவனையும் படகுத்துறைக்கு வரச் சொன்னாள். அக்கா வேண்டாம் என்றால் திரும்பிவிடலாம் என்றாள். அண்ணன் சொக்கன் வந்திருந்தார். கையெல்லாம் களிமண் வெடிப்பு, அதிகம் பேசாத மனிதர். ஆற்றின் அக்கரையில், த்வாண்டே போகும் வழியில் இருக்கும் டலாவுக்குப் போகும் படகு காத்துக்கொண்டிருந்தது. ரேவதி ஒரு பக்கமும் சொக்கன் ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, சாந்தகுமாரி ஊன்றுகோலோடு பலகைப் பாலத்தில் ஏறினாள். சிவநாதன் பைகளை எடுக்கக் குனிந்தான். வேண்டாம், ரேவதி எடுத்துட்டு வரட்டும் என்றாள் அவள். அவன் பைகளை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். பாதிப் பாலத்தில் அவள் நின்றாள். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

"டா எய் இன்னும் போகல. கடைசி வரிசையில மூணு நாலு வீடும் போகல. நான் சொன்னா, வலியில உளறுறேன்னு நெனைக்கிறாங்க. நீ போய்ச் சொல்லு."

"சொல்றேன் அக்கா."

"உன் பேரைச் சொல்லிச் சொல்லு."

அவ்வளவுதான். படகு கிளம்பிய பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பி உட்காரவில்லை.

சிவநாதன் அங்கிருந்தே வடக்கே போகும் பஸ் பிடித்தான். பேட்டையில் இறங்கி நடந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் அந்தப் புது சார்ஜண்டின் பைனாக்குலர் மின்னியது. அது தன் பக்கம் திரும்பியிருப்பது போல அவனுக்குப் பட்டது. ஆனாலும் முதலில் டா எய் வீட்டு வாசலில் உட்கார்ந்தான். தன் பெயரைச் சொன்னான், இரண்டு பெயரையும். தளத்தில் என்ன வேலை பார்த்தான் என்று சொன்னான். மோகன் எப்படிச் செத்தார் என்று சொன்னான். டா எய் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், புயலில் ஊர் போயிற்று, இங்கே வந்தோம், இங்கேயும் இருக்காதே என்கிறாய், சரி, இருக்க இடம் தருகிறாயா என்றாள். தன்னிடம் இடம் இல்லை என்றான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மற்ற வீடுகளில் ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார், பிறகு விட்டுவிட்டார். ஒரு குடும்பம் மட்டும் அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். பேட்டைக்குப் போனாயா என்று கேட்டார். போனேன் என்றான். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னதைச் சொன்னான். கேப்டன் ஒரு தாளை எடுத்து, எழுதாமல் மேசையில் வைத்தார். இவன் மேல் குற்றம் எழுத வேண்டுமென்றால் இவன் எதை வெளியே சொன்னான் என்றும் எழுத வேண்டும். குண்டுகள் ஏன் வேலிக்கு அந்தப் பக்கமே விழுகின்றன என்று எழுத்தில் வந்துவிடும். அதை எழுத அவருக்கு விருப்பமில்லை. ரேடியோ ஆள் தேவைப்படுகிறது என்று வடக்கே ஒரு தளத்துக்கு மாற்றல் உத்தரவு போட்டார். அங்கே பறக்கும் குண்டு தினமும் வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். "நீ மாட்டி அனுப்பின ரேடியோக்களும் அங்கே நிறைய இருக்கு" என்றார் கேப்டன். கேலியாகச் சொன்னாரா என்று சிவநாதனுக்குப் புரியவில்லை.

ஓடிப்போகலாமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தான். ரேவதியும் யோசித்தாள். எனக்காக என்று இதையும் செய்துவிட்டுப் பிறகு என் மேல் போடாதீர்கள், போவதானாலும் போகாவிட்டாலும் உங்களுக்காகச் செய்யுங்கள் என்றாள். ஆனால் நான் யாங்கூனில்தான் இருப்பேன், அங்கே வர மாட்டேன் என்றும் சொன்னாள். கடைசியில் அவன் போவதென்றே ஆயிற்று. துணிச்சல் வரவில்லை என்பதுதான் காரணம். வேறு காரணம் எதையும் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ரயில் நிலையத்துக்கு ரேவதி வந்திருந்தாள். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றாள். சாந்தகுமாரி அக்கா காலையில் த்வாண்டேயிலிருந்து போன் செய்தார்கள் என்றாள். சூளைப் பக்கம் ஒரு சார்ப்பு இறக்கிக் கொடுத்திருக்கிறாராம் அண்ணன், அதில் டீ போட ஆரம்பித்திருக்கிறார்களாம்.

"டா எய் போயிட்டாங்களான்னு கேட்டாங்க. போகலன்னு சொன்னேன்."

"வேற எதாச்சும் கேட்டாங்களா?"

"கேக்கல."

ரயில் நகர்ந்தது. ரேவதி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு நின்றுவிட்டாள்.